தீபாவளியன்றும் கீரை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிப் போன பிறகு, நீ விட்டுப்போன துணிகளை மெஷினில் போடுவதற்கு முன்னால் வழக்கம்போல் பாக்கெட்டுகளைத் துழாவினேன். உன் தொழிற்சாலைச் சட்டையில் ஒரு கிளினிக் அட்டை இருந்தது. நாலாக மடித்து, அதன்மேல் பெட்ரோல் ரசீதைச் சுற்றி வைத்திருந்தாய். முப்பத்தொரு வருடம் அந்த மாதிரி அட்டைகளோடு குடும்பம் நடத்தியவள் நான். என்ன மாத்திரை, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள், போன முறை ரத்தத்தில் சீனி அளவு என்ன வந்தது, எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டேன். உனக்கு இனிப்பு நீர் வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் வாரக் கடைசியில் ஈப்போவுக்கு, சிலிபின் வீட்டுக்கு வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறாய்.

முதலில் கோபம்தான் வந்தது. மெஷினை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். துணி அலசி முடிப்பதற்குள் கோபம் போய் பயம் வந்துவிட்டது. உடனே போன் செய்திருக்கலாம். ஆனால் என் வாய் எனக்குத் தெரியும். முதல் நிமிடம் அம்மாவாகப் பேசுவேன், அடுத்த நிமிடம் காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை கரண்டி என்று ஆரம்பித்துவிடுவேன். நீயும் “சரிம்மா, சரிம்மா” என்பாய். அந்த “சரிம்மா”வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உன் அப்பா பன்னிரண்டு வருடம் எனக்கு அப்படித்தான் “சரி, சரி” சொன்னார். அதனால் எழுதுகிறேன். தை மாதம் உனக்குக் கல்யாணம், பத்திரிகைகூட அடித்தாயிற்று. இந்த நேரத்தில் மற்ற அம்மாக்கள் நல்லது நாலு எழுதுவார்கள். நான் சோற்றைப் பற்றி எழுதப் போகிறேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நம் பெயர்களை எடுத்துவிட்டு வேறு யாராவது இதைப் படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உன் சிநேகிதர்கள் கேட்டால் “அம்மா ஆஸ்பத்திரியில வேலை” என்று மட்டும் சொல்வாய். டயட்டீஷியன் என்றால் திரும்ப விளக்க வேண்டும் என்று உனக்குச் சோம்பல். நோயாளிகளே என்னைச் சாப்பாட்டு மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் மருந்து கொடுப்பார், நர்ஸ் ஊசி போடுவார், இவள் மட்டும் வாயைக் கட்டச் சொல்வாள் என்று எண்ணம். என் மேசை மேல் ரப்பரில் செய்த சோறு, ரப்பர் மீன், ரப்பர் வாழைப்பழம் எல்லாம் இருக்கும், அளவு காட்டுவதற்கு. ஒரு பெரியவர் ரப்பர் சோற்றை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இன்னும் வேகலயே மிஸ்ஸி” என்றார். அன்று முழுக்க நான் சிரித்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, சிரிக்கத் தெம்பு இருந்தது.

அந்த வயதில்தான் மாரியாயி அக்காவை நான் கிட்டத்தட்டக் கொன்றேன். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகளை இடித்த பிறகு, மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் மகனோடு இருந்தார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். நான் படிப்பு முடித்த சூட்டோடு, சாப்பிடக் கூடாதவை என்று தலைப்புப் போட்டு, தமிழில் அழகான கையெழுத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். சீனி, இனிப்புப் பால் டின், கிழங்கு, தேங்காய்ப்பால், எண்ணெய்ப் பலகாரம், கருவாடு, டுரியான், பலா என்று இரண்டு பக்கம். சோற்றுக்கு நேராக ‘குறைக்கவும்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். அவர் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆறு வாரம் கழித்து பஸ்ஸில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். ரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஊசியைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு, பகலில் கீரையும் வெள்ளரிக்காயும், இரவில் கஞ்சித் தண்ணீரும் மட்டும் சாப்பிட்டிருக்கிறார். கண் விழித்ததும் நான் போய்த் திட்டினேன், ஆமாம், திட்டினேன். “யாரு அக்கா உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது?” அவர் அந்தத் தாளை எடுத்து நீட்டினார். வேர்வையில் ஊறி எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. “எது எது சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க மிஸ்ஸி. எது சாப்பிடலாம்னு ஒண்ணும் எழுதலயே லா. நான் என்னா பண்றது?” என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

அதற்குப் பிறகு அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். “அக்கா, எதை உங்களால விடவே முடியாது?” அவர் யோசிக்கவே இல்லை. “காலையில ஒரு வரக்கோப்பி, பால் இல்லாம, சீனி போட்டு. மரம் வெட்டப் போறப்ப அதைக் குடிச்சிட்டுத்தான் போவோம். அது இல்லாம எனக்கு விடியாது மிஸ்ஸி.” சரி, அது இருக்கட்டும் என்றேன். ஒரு கரண்டி சீனியோடு அந்தக் காலைக் கோப்பி அவருக்கு. அதற்குப் பதில் நாள் முழுக்கக் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்த தே தாரே பால் டீயும் மைலோவும் வேண்டாம். சோறு இவ்வளவு, மீன் இவ்வளவு, ஊசி இவ்வளவு என்று டாக்டரோடு பேசி மாற்றினோம். மரம் வெட்டும்போது சாப்பிட்ட சோற்றை, மரம் வெட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் சாப்பிடுகிறார்கள் நம் ஆட்கள், பாதி நோய் அதில்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லித் திட்டினால் யார் கேட்பார்? மாரியாயி அக்கா அதன் பிறகு பத்தொன்பது வருடம் இருந்தார், தம்பி. நான் ஈப்போவுக்கு மாற்றலாகி வந்த பிறகும் தீபாவளிக்கு ஆள் மூலம் முறுக்கு அனுப்புவார். கால் விரலில் வந்த புண்கூட ஆறியது. காலை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லும்படி ஆகவில்லை. டயட்டீஷியனால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல். ஆபரேஷன் மாதிரி ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொம்பளை பத்தொன்பது வருடம் இரண்டு காலில் நடந்து கடைக்குப் போனாள், அவ்வளவுதான்.

இப்படி ஊருக்கெல்லாம் கேட்ட கேள்வியை நான் வீட்டில் கேட்கவில்லை. அதைத்தான் உனக்கு எழுத வந்தேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது, முட்டி வலிக்கிறது, பத்து வரி எழுதினால் கை ஓய்கிறது. உடம்பு ஓய்ந்தது ஒரு பக்கம். முப்பத்தொரு வருடம் பொறுமையாக இருந்து இருந்து, பொறுமை முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துபோய், வீட்டுக்கு வரும்போது சட்டி காலி. உனக்கும் உன் அப்பாவுக்கும் கிடைத்தது அந்தக் காலிச் சட்டிதான்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மிஸ்ஸியின் புருஷனுக்கே இனிப்பு நீரா என்று நாலு பேர் சிரித்தார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் உடம்பைவிட என் பெயர்தான் எனக்கு முதலில் பெரிதாகப் பட்டது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தினமும் சாப்பிட்டதை எழுதச் சொன்னேன். ஞாயிறு காலையில் நான் சிவப்புப் பேனாவால் சரி போடுவேன். உன் வீட்டுப்பாடத்தில் கையெழுத்திட்டு முடித்துவிட்டு அவர் நோட்டை எடுப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வீர்கள். எனக்கு அது அப்போது விளையாட்டாகத் தெரிந்தது.

பிறகு உன் சித்தப்பா மகள் கல்யாணம். மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து அவர் ஒரு லட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். நான் எதிர் வரிசையிலிருந்து எழுந்து வந்து, கையிலிருந்து பிடுங்கி இலையில் போட்டேன். “அறிவு இருக்கா உங்களுக்கு? கால் போனா யார் பார்க்குறது?” என்று சத்தமாகவே கேட்டேன். சுற்றி இருபது பேர். அவர் கைவிரலில் ஒட்டியிருந்த நெய்யைத் துண்டில் துடைத்துவிட்டு, “எங்க வீட்டு டாக்டர் கண்டிஷன் அப்படி மச்சான்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தார். நீ அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் என் எதிரில் ஒரு இனிப்பைத் தொட்டதில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். என்னைவிட மடச்சி யாராவது இருப்பாளா?

அந்த வருடத் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு நோட்டைத் திறந்தேன். தீபாவளி நாளில் எழுதியிருந்தார்: காலையில் தோசை இரண்டு, மத்தியானம் சோறு ஒரு கப், மீன், கீரை. இரவு சப்பாத்தி இரண்டு, கீரை. தம்பி, தீபாவளியன்று ஈப்போவில் எந்தத் தமிழன் வீட்டில் மூன்று வேளையில் இரண்டு வேளை கீரை? அவர் வாங்கி வந்த ஆட்டிறைச்சியை நான்தான் பிரட்டினேன், அவர் தட்டில் நான்தான் வைத்தேன். பொய் எழுதிய நோட்டை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதினது, எங்கும் எண்ணெய்க் கறை இருக்காது. கிளினிக்கில் அப்படி ஒரு நோட்டு வந்தால் அதை மூடி வைத்துவிட்டு, “பரவாயில்லை, நேத்து என்ன சாப்பிட்டீங்க, உள்ளதைச் சொல்லுங்க, நான் ஏச மாட்டேன்” என்று மெதுவாக ஆரம்பிப்பேன். வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து, தீபாவளிக்கும் ஒரு சரி போட்டேன். பொய் என்று தெரிந்தே போட்டேன். கேட்டால் சண்டை வரும், எனக்குக் களைப்பாக இருந்தது. ஒரு வாரம் நிம்மதியாகப் போகட்டும் என்று அந்தச் சரியைப் போட்டேன். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு அப்படிப் போட்டேனோ.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கும் ரத்தம் யாருக்காகவும் பொய் சொல்லாது. அது ஏறிக்கொண்டே போனது. நான் மாத்திரையைக் குறை சொன்னேன், அவர் வேலை நேரத்தைக் குறை சொன்னேன். கிட்னி போனது. டயாலிசிஸ் மூன்று வருடம், வாரத்துக்கு மூன்று நாள். அப்போது அவர் தண்ணீரைக்கூட நான் அளந்து ஊற்றினேன். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, நான் முன்பின் பார்த்திராத ஒருவர் வந்திருந்தார். பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் சாப்பாட்டு ஒட்டுக்கடை வைத்திருப்பவராம். அப்பா படத்துக்கு முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்தார். “அண்ணே நம்ப கடைக்கு ரொம்ப வருசமா வருவாருக்கா. செவுத்தைப் பார்த்துத்தான் உட்காருவாரு, யாராச்சும் தெரிஞ்சவங்க பார்த்துருவாங்கன்னு. கொஞ்சந்தான் சாப்பிடுவாரு. ஆனா கடைசியில தயிர் ஊத்தி ஒரு பிடி சோறு, அது இல்லாம எழும்ப மாட்டாரு. தம்பிகூட வருவாரு இல்ல, அவரைக் கேட்டா சொல்வாரு” என்றார். நீ வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காத மாதிரி பின்பக்கம் போய்விட்டாய்.

ஒரு பிடி தயிர்ச்சோறு! லட்டு இல்லை, ஆட்டிறைச்சி இல்லை. வீட்டில் ஒரு கப் சோற்றை நான் குழம்புக்கே தீர்த்துவிடுவேன், அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. அந்த ஒரு கப்பிலேயே ஒரு பிடியை ஒதுக்கி வைத்துத் தயிர் ஊற்றிக் கொடுத்திருக்கலாம். டயாலிசிஸ் வந்த பிறகும் அதற்கு ஒரு இடம் கண்டுபிடித்திருப்பேன், வேறு எதையாவது குறைத்து. எத்தனையோ பேருக்கு அப்படிக் கண்டுபிடித்துக் கொடுத்தவள்தானே நான். எதை உங்களால் விட முடியாது என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்காததால், அந்த ஒரு பிடிக்காக ஒரு மனுஷன் அத்தனை தூரம் வண்டி ஓட்டிப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ இன்னும் தஞ்சோங் மாலிமுக்குப் போகாமல் வீட்டோடு இருந்த காலம் அது, டயாலிசிஸ் நாட்களில் அப்பாவைக் கூட்டி வருவது நீதான். பன்னிரண்டு மணிக்கு முடியும், வீட்டுக்கு வர இரண்டாகும். “ரோடு ஜாம் லா மா” என்பாய். ஈப்போவில் அந்த நேரத்துக்கு என்ன ஜாம்? நான் அதற்கும் மனசுக்குள் ஒரு சரி போட்டேன். அப்பா போன பிறகு நீ ஒரு நாளும் தயிர் ஊற்றிக்கொண்டதில்லை. தயிர் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். நான் பார்த்திருக்கிறேன், அடுத்தவர் தட்டைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. நீ கூட்டிப் போனதால்தான் அப்பா சீக்கிரம் போய்விட்டார் என்று ஆறு வருடமாக நெஞ்சில் சுமக்கிறாய், இல்லையா? அதனால்தான் உனக்கும் வந்தபோது என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் அம்மாவாகச் சொல்வதை நம்பாவிட்டாலும், வேலை தெரிந்தவளாகச் சொல்வதை நம்பு. அவர் உன் காரில் ஏறுவதற்கு வெகு காலம் முன்னாலேயே கிட்னி போய்விட்டது. அந்த ஒரு பிடிச் சோறு அவரைக் கொல்லவில்லை. அவர் தனியாகச் சாப்பிடாமல் கூட ஒரு ஆள் இருந்ததே என்று நினைக்கும்போது, உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல் இருக்கிறது. அதை ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்டால் நீ என்னைத்தான் குற்றம் சொல்வாய் என்று பயந்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உன்னிடம் நான் கேட்பது இரண்டுதான். வரப்போகிறவளிடம் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடு. சொல்லும்போது, “நீ என்னைப் பார்த்துக்கோ” என்று மட்டும் சொல்லாதே. அப்படிச் சொன்னால் அவள் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துவிடுவாள், நீ சுவரைப் பார்த்து உட்கார இடம் தேடுவாய். வீட்டில் ஒருத்தி போலீஸ்காரியாக இருந்தது போதும். இரண்டாவது, அங்கேயே கிளினிக்கில் டயட்டீஷியனைப் பார். உன் அட்டையில் அதற்கு மட்டும் தேதி இல்லை, கவனித்தேன். அம்மாவே அதுதானே, வேறு எதற்கு என்று விட்டிருப்பாய். இந்த வேலைக்கு அம்மா உனக்கு ஆக மாட்டேன், தம்பி. யாரோ ஒரு சின்னப் பெண் இருப்பாள், படிப்பு முடித்த சூட்டோடு. இரண்டு பக்கத் தாளை நீட்டினால் வாங்கி வைத்துவிட்டு, “மிஸ்ஸி, நான் என்ன சாப்பிடலாம்?” என்று கேள். ராத்திரி ஷிப்ட் முடிந்து மமாக் கடையில் என்ன சாப்பிடுகிறாயோ அதையெல்லாம் உள்ளபடி சொல். அவளும் நோட்டுப் போட்டு எழுதச் சொல்வாள். எழுது. தீபாவளியன்று முறுக்கு சாப்பிட்டால் முறுக்கு என்று எழுது, ஆறு சாப்பிட்டால் ஆறு என்று எழுது. அந்த நோட்டை என்னிடம் மட்டும் காட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை வா. சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன், அட்டை பழையபடி பாக்கெட்டிலேயே இருக்கிறது. அதை எடுத்து மேசை மேல் போடுவதா, மறுபடியும் மடித்து வைப்பதா என்பது உன் இஷ்டம். நெத்திலி சம்பலும் முருங்கைக்கீரையும் செய்கிறேன். சோறு ஒரு கப்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அத்தனையையும் குழம்புக்கே பிசைந்துவிடாமல் கடைசியில் ஒரு பிடியை ஒதுக்கி வை. தயிர் தோய்த்து வைத்திருப்பேன், நானும் உன்னோடு உட்கார்ந்து ஊற்றிக்கொள்கிறேன்.

அம்மா